எல்லாம் சரியாக ஓடிய நாட்கள்

"இன்னாம்மா, உன் மிஷினு இன்னிக்கும் தூங்கிகினு கீதா?"

வேலப்பன்சாவடி பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் நான் டேட்டாபேஸ் பார்த்துக்கொண்டிருந்தபோது, காலை எட்டரைக்கு என் மேசை போனில் வரும் முதல் குரல் இது. பேசுகிறவர் இரண்டாவது மாடி ரத்தப் பரிசோதனைக்கூடத்தின் பொறுப்பாளர். எல்லோருக்கும் லேப் அக்கா. பூந்தமல்லிக்காரர். என் அறை அடித்தளத்தில், ஏசி இரைச்சலுக்கு நடுவே. சேக்காட்டில் தனியாக அறையெடுத்துத் தங்கியிருந்தேன். பஸ்ஸில் டிக்கெட் கேட்பதைத் தவிர்த்தால், பல நாட்களில் நான் வாய்திறந்து பேசியதே அந்தத் திட்டுக்குப் பதிலாகத்தான்.

காலையில் கூட்டம் சேர்ந்ததும், நோயாளிகளின் விவரங்களும் பரிசோதனை முடிவுகளும் இருக்கும் சர்வர் திணறும். டிஸ்க் சரியாக இருந்தது, மெமரி போதுமானதாக இருந்தது, விவரம் தேடி மென்பொருள் சர்வரிடம் அனுப்பும் கேள்விகளைத் தனியாக எடுத்துப் பார்த்தால் எதுவும் கனமானதில்லை. ஆனாலும் பிராசஸர் மட்டும் உச்சத்திலேயே நிற்கும். காரணம் பிடிபடாமல் மாதங்கள் போயின.

ஒரு நாள், டெங்குவோடு சேர்த்திருந்த ஒரு குழந்தையின் பிளேட்லெட், அதாவது ரத்தத் தட்டணு எண்ணிக்கை வார்டுத் திரையில் வரவே இல்லை. மேலே வார்டில் டாக்டர் காத்திருந்தார். அக்கா அதை ஒரு துண்டுத்தாளில் எழுதி எடுத்துக்கொண்டு, லிஃப்டுக்கும் நிற்காமல் நான்காவது மாடிக்கு ஓடியிருக்கிறார். திரும்பி வந்து என்னைக் கூப்பிட்டபோது மூச்சு வாங்கியது. அன்று திட்டவில்லை. "நீ ஒரு தபா மேல வந்து பாரும்மா" என்றார்.

போனேன். தன் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். ஒல்லியான, கண்ணாடி போட்ட பெண். குரலை வைத்து நான் நினைத்திருந்த ஆளே இல்லை. அவர் வேலை செய்வதை இரண்டு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நோயாளியின் எண்ணை டைப் அடிக்கிறார், காத்திருக்கிறார், அடுத்த எண். கேள்வி ஒன்றேதான், எண் மட்டும்தான் மாறுகிறது. அப்போதுதான் உறைத்தது. எங்கள் மென்பொருள் நோயாளியின் எண்ணைக் கேள்விக்குள்ளேயே எழுதி அனுப்பியது. அதனால் சர்வர் ஒவ்வொன்றையும் புதுக் கேள்வியாக எடுத்துக்கொண்டு, எப்படித் தேடுவது என்று முதலிலிருந்து வழி வகுத்து, அதாவது கம்பைல் செய்து, அதன் பிறகே தேடியது. ஆயிரக்கணக்கான தடவை, ஒரே வேலை.

எழுந்தபோது அக்கா டிபன் பாக்ஸின் மூடியில் கொஞ்சம் குஸ்கா வைத்துக் கொடுத்தார். "துன்னுட்டுப் போ. மூஞ்சியப் பாரு, காஞ்சி கீது." அந்த ஊருக்கு வந்தபின் இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து நான் சாப்பிட்டது அன்றுதான்.

கேள்வியை ஒன்றாகவே வைத்து, எண்ணை மட்டும் தனியாக அனுப்பும்படி மென்பொருளை மாற்ற இரண்டு நாள் ஆயிற்று. மூன்றாம் நாள் எட்டரைக்கு போன் அடிக்கவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. மேலதிகாரி பாராட்டினார். எனக்குத்தான் காலைப்பொழுது நகரவில்லை. இரண்டு வாரம் பொறுத்து நானே கூப்பிட்டேன்.

"எல்லாம் சரியா ஓடுதாக்கா?"

"சூப்பரா ஓடுதும்மா." பின்னால் யாரோ அவரை அழைத்தார்கள். "வேற எதுனா கீதா?"

சாப்பாட்டு நேரத்துக்கு மேலே வரட்டுமா என்று கேட்கத்தான் கூப்பிட்டிருந்தேன். "இல்லக்கா" என்று வைத்துவிட்டேன். மறுபடி கூப்பிட ஒரு காரணம் கிடைக்கவில்லை.

மழைக்காலம் முடிந்து, பிரிண்டரைப் பார்க்கிற சாக்கில் ஒரு நாள் மேலே போனேன். அவர் நாற்காலியில் வேறொரு பெண் இருந்தாள். அக்கா வேலையை விட்டுவிட்டு மகளோடு வேலூருக்குப் போய் ஒரு மாதமாகிறதாம்.

"கீழ சர்வர் பாக்கற பொண்ணு நீங்கதானே? போறேன்னு உங்களாண்ட சொல்லச் சொன்னாங்க. உங்க பேரு இன்னான்னு கேட்டேன், அவங்களுக்கே தெர்ல. அப்டியே மறந்துட்டேன்."

அக்காவின் பெயர் எனக்கும் தெரியாது. அவளிடம் கேட்டிருக்கலாம். ஒரே கட்டடத்தில் இரண்டு வருடம் இருந்துவிட்டு அதைக் கேட்க வெட்கமாக இருந்தது. பரவாயில்லை என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.