மை படாத பனி

வாசலில் ஆமிக்காரர் பையைக் கொட்டச் சொன்ன எரிச்சல், உள்ளே முதல் படத்திலேயே போய்விட்டது.

கண்டி அருங்காட்சியகத்தில் இன்று ஜப்பானிய மர அச்சு ஓவியங்கள். பனி மூடிய ஒரு பாலம். பனிக்கு வெள்ளை பூசவே இல்லையாம், தாளை அப்படியே விட்டிருக்கிறார்கள். மை படாத இடம்தான் குளிர்கிறது! என்ன கை அது!

கூட வந்த யாழ்ப்பாணத்துச் சிநேகிதி சுகந்தி நகரவே இல்லை.

"ஏன்டி, இன்னும் பனியத்தான் பாக்குறியா?"

"இல்லையடி. சனம் குடையோட தன்பாட்டில போகுது. பாலத்தில மறிச்சு அட்டை கேக்க ஒரு ஆமிச் சென்றியும் இல்லை."

திரும்பும் பஸ்ஸில், பேராதனைப் பாலம் தெரியுமுன்பே எங்கள் இருவர் கையிலும் அடையாள அட்டை இருந்தது.

அட்டை காட்டாமல் நீங்கள் கடைசியாகக் கடந்த பாலம் எது? ஓவியத்தில் என்றாலும் சொல்லுங்கள்.