தேதியக்கா எழுதிய ரத்துக் கடிதம்

அக்காவிடம் மட்டும் போகக் கூடாது என்று எட்டு நாட்களாகப் பிடிவாதமாக இருந்தான் தம்பி. ஒன்பதாம் நாள் திங்கட்கிழமை மாலை, நீல நிற ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவள் வீட்டு அழைப்பு மணியை அழுத்தினான். பெண்டாட்டிதான் போகச் சொல்லித் துரத்தியிருந்தாள்.

அக்கா பொது மருத்துவமனையில் வார்டு நர்ஸ். முப்பத்தொரு வருட சர்வீஸ். வீட்டில் அவளுக்கு வைத்த பெயர் தேதியக்கா. எதைச் சொன்னாலும் தேதியும் நேரமும் சேர்த்துத்தான் சொல்வாள். கல்யாணப் பத்திரிகை வந்தால் தேதியும் கிழமையும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்த பிறகுதான் வாழ்த்துவாள். ஒருமுறை ஒத்துப்போகவில்லை. அச்சடித்த அத்தனை பத்திரிகையும் வீணானது என்று, அதைக் கொண்டுவந்த சித்தப்பா இரண்டு வருடம் அவளோடு பேசவில்லை. கூட உட்கார்ந்து பொழுதுபோக்க ஏற்ற ஆள் இல்லை அவள், அதை மறைப்பதற்கில்லை.

கதவைத் திறந்தவள் ஃபைலைப் பார்த்தாள்.

"எப்ப கையெழுத்துப் போட்ட?"

"போட்டேன்னு யாரு சொன்னா?"

"இவ்வளவு பளபளன்னு ஃபைல் குடுத்தா, உள்ள கையெழுத்து இருக்கும். உட்காரு."

தம்பி நடந்ததைச் சொன்னான். சூப்பர் மார்க்கெட்டில் குலுக்கல் சீட்டு எழுதிப் போட்டது. பரிசு விழுந்திருக்கிறது, மனைவியோடு வாருங்கள் என்று போன் வந்தது. ஒரு ஹோட்டல் ஹாலில் இலவசச் சாப்பாடு. அதன்பின் மூன்று மணி நேரம் விடாத பேச்சு. கடற்கரை விடுதியில் வருடத்துக்கு ஒரு வாரம் அறை. இருபத்தைந்து வருடத்துக்கு. அறைக்கு முன்பணமும் தவணையும், அது போகப் பராமரிப்புக் கட்டணம், போனாலும் போகாவிட்டாலும்.

"கடைசித் தவணை கட்டும்போது உனக்கு அறுபத்தெட்டு" என்றாள் அக்கா.

"அவ ஒரு நாளாவது அடுத்தவங்க விரிச்ச படுக்கையில படுக்கணும்னு ஆசைப்பட்டாக்கா. அதான்."

அக்கா ஃபைலைத் தன் பக்கம் இழுத்தாள். "படிச்சியா?" என்று மட்டும் கேட்டாள்.

படிக்கவில்லை. அதற்குக் காரணம் அவனுடைய தொழில்தான். இருபது வருடமாகக் கூரியர் கொண்டுபோய்க் கொடுக்கிறான். ஒரு நாளைக்கு எழுபது, எண்பது வாசல். ஒவ்வொரு வாசலிலும் தாளை நீட்டி, போட வேண்டிய இடத்தில் நகத்தை வைத்து, "இங்க ஒரு கையெழுத்து" என்பான். யாராவது நின்று படித்தால் அவனுக்குப் பற்றிக்கொண்டு வரும். கையெழுத்து என்பது கதவு சாத்துவதைப் போல ஒரு காரியம், அவ்வளவுதான். அந்த ஹாலில் டை கட்டியவன் அதே மாதிரி நகத்தை வைத்து அதே வார்த்தைகளைச் சொன்னபோது, தம்பியின் கை தானாகப் போய்விட்டது. பக்கத்தில் மனைவியும் போட்டாள்.

வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தபோதுதான் எவ்வளவு பெரிய தொகை என்று தெரிந்தது. ரத்து செய்யலாம், பத்து நாள் அவகாசம் உண்டு, எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். இரண்டு பக்கத்துக்கு உருகி உருகி எழுதினான். தபாலை நம்பாமல் தானே எடுத்துக்கொண்டு போனான். அன்று சனிக்கிழமை, ஹால் பூட்டியிருந்தது. வாசலில் இருந்த வாட்ச்மேனிடம் கொடுத்து, ஒரு துண்டுத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, காரியம் முடிந்தது என்று விசிலடித்துக்கொண்டே வந்தான். வாசலில் நிற்பவர் வாங்கிக்கொண்டால் போய்ச் சேர்ந்த மாதிரிதானே. அவன் வாழ்க்கை முழுவதும் அப்படித்தான் நடந்தது.

"இன்னிக்குக் காலையில போன் பண்ணினேன். அப்படி ஒரு லெட்டரே வரலைங்கிறாங்க. ஆனா அந்தப் பொண்ணு ரொம்ப நல்லா பேசிச்சுக்கா. வெள்ளிக்கிழமை மேனேஜரைப் பாருங்க, பேசித் தீர்த்துக்கலாம்னு சொல்லுது."

"என்னிக்குப் போட்ட கையெழுத்து?"

"மூணாம் தேதி. ஞாயித்துக்கிழமை."

"அப்போ வெள்ளிக்கிழமை எத்தனாவது நாள்?"

தம்பி விரல் விட்டு எண்ணினான். பாதியிலேயே விரல் நின்றுவிட்டது.

அக்கா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஸ்கேலை வரிக்கு அடியில் வைத்து, முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினாள். இருபத்திரண்டு பக்கம். டீ ஆறிப்போனது. எதிரே உட்கார்ந்திருந்த தம்பிக்கு ஒரு பழைய விஷயம் நினைவுக்கு வந்தது.

அவள் வேலைக்குச் சேர்ந்த ஐந்தாவது வருடம். இரண்டு மணிக்குப் போட வேண்டிய ஊசி, ஸ்டோரிலிருந்து மருந்து வரத் தாமதமானதால் மூன்று பத்துக்குப் போடப்பட்டது. நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் பெரிய டாக்டர், ரெண்டு என்றே எழுதிவிடம்மா என்றார். அவள் மூன்று பத்து என்று எழுதினாள். யாரையும் குறை சொல்லவில்லை, காரணமும் எழுதவில்லை. மூன்று பத்து, அவ்வளவுதான். அவளுக்கு வர வேண்டிய பதவி உயர்வு ஆறு வருடம் தள்ளிப்போனது. வீட்டில் அவள் வாய் திறக்கவில்லை. அந்த ஸ்டோருக்குப் பார்சல் கொண்டுபோனபோது அங்கிருந்த குமாஸ்தா சொல்லித்தான் தம்பிக்குத் தெரியும். பிழைக்கத் தெரியாதவள் என்று அன்று நினைத்தான். ஒரு மணி பத்து நிமிடத்துக்காக ஆறு வருடத்தைக் கொடுப்பார்களா?

இன்று அந்த ஸ்கேல் ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்குவதைப் பார்க்கப் பார்க்க, அந்தக் கேள்வியை அப்படியே வைத்துக்கொள்ள அவனால் முடியவில்லை.

"பதினாலாம் பக்கம்" என்றாள் அக்கா. "ரத்து பண்ணணும்னா எழுத்துல. கையெழுத்துப் போட்ட எல்லாரும் போடணும். தலைமை அலுவலக முகவரிக்கு, பதிவுத் தபால்ல. பத்து நாளைக்குள்ள அனுப்பணும்னு இருக்கு. போய்ச் சேரணும்னு இல்ல, அனுப்பணும். உன் லெட்டர்ல அவ கையெழுத்து இருக்கா?"

"இல்ல."

"வாட்ச்மேன் தலைமை அலுவலகமா?"

தம்பி தலையைக் குனிந்துகொண்டான்.

"கையெழுத்துப் போட்ட நாளையும் சேர்த்தா நாளைக்குப் பத்தாவது நாள். சேர்க்காட்டி நாளன்னிக்கு. சந்தேகம் வந்தா குறைச்சலா இருக்கிறதைத்தான் எடுத்துக்கணும். நாளைக்கே அனுப்பிடுறோம்."

அவனுடைய இரண்டு பக்கக் கடிதத்தின் நகலை வாங்கிப் படித்தாள். பேனாவை எடுத்து அடிக்க ஆரம்பித்தாள். பிள்ளைகளின் படிப்பு போயிற்று. வண்டி ரிப்பேர் போயிற்று.

"அம்மாவுக்கு உடம்பு சரியில்லைங்கிறதையாவது விடுக்கா."

"அம்மா நல்லாத்தானே இருக்கா? காலையில என்கிட்ட சண்டை போட்டாளே, ஏழே காலுக்கு."

"ஒரு பரிதாபத்துக்கு..."

"டேய், காரணம் சொன்னா, அதுக்கு ஒரு பதில் வச்சிருப்பாங்க. காசு இல்லைன்னா தவணையைக் குறைக்கிறோம்பாங்க. அம்மாவுக்கு முடியலைன்னா அம்மாவையும் கூட்டிட்டு வாங்கம்பாங்க. ரத்து பண்றோம்னு மட்டும் சொல்லு. அதுக்குப் பதில் கிடையாது."

புதுத் தாளில் எழுதினாள். மேலே தேதி. அடுத்து இருவரின் பெயர், முகவரி, ஒப்பந்த எண். அதன் கீழே: "இம்மாதம் மூன்றாம் தேதி நாங்கள் இருவரும் கையெழுத்திட்ட மேற்கண்ட ஒப்பந்தத்தை, அதன் பதினான்காம் பக்கம் தரும் உரிமைப்படி இக்கடிதத்தின் மூலம் ரத்து செய்கிறோம். செலுத்திய முன்பணத்தைத் திருப்பி அனுப்பவும். ரத்தானதை எழுத்தில் உறுதி செய்யவும்."

"தயவுசெய்துன்னு ஒரு வார்த்தை?"

"உரிமைன்னு எழுதியாச்சே. அப்புறம் எதுக்குத் தயவு?"

மறுநாள் மதியம் டூட்டி முடிந்து யூனிஃபார்மோடு நேராகத் தபால் நிலையத்துக்கு வந்தாள். தம்பியும் மனைவியும் கையெழுத்திட்ட கடிதத்தோடு காத்திருந்தார்கள். நகல் எடுத்து, உறையை ஒட்டி, வரிசையில் நின்று கவுன்ட்டரை அடைந்தபோது மணி இரண்டு ஐம்பது. மூன்று மணிக்குப் பதிவுத் தபால் வாங்குவதை நிறுத்திவிடுவார்கள். குமாஸ்தா ரசீதில் முத்திரையைக் குத்தித் தள்ளினார். அக்கா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"தேதி விழலைங்க. இன்னொரு தடவை குத்துங்க."

"விழுந்திருக்கும்மா. உத்துப் பாருங்க."

"உத்துப் பார்த்தா எனக்குத் தெரியும். இதைப் பார்க்கப் போறவங்க உத்துப் பார்க்க மாட்டாங்க."

பின்னால் நின்றவர் உச்சுக் கொட்டினார். "ஒரு முத்திரைக்கு இந்தப் பாடா? நகருங்கம்மா, மூடப் போறாங்க."

தம்பிக்குக் கூசியது. முதுகெல்லாம் கண்கள் குத்துவதைப் போலிருந்தது. "வாக்கா, போதும்" என்று முணுமுணுத்தான். அக்கா நகரவில்லை. குரலையும் உயர்த்தவில்லை. ரசீதைக் கவுன்ட்டரில் வைத்துவிட்டு நின்றாள். குமாஸ்தா பெருமூச்சு விட்டு, மைப்பெட்டியைத் திறந்து, முத்திரையை நன்றாக அழுத்தித் தோய்த்து, ஓங்கிக் குத்தினார். பன்னிரண்டாம் தேதி கன்னங்கரேலென்று விழுந்தது.

"நன்றிங்க" என்று சொல்லிவிட்டு, ரசீதை இரண்டு நகல் எடுக்கக் கடைக்கு நடந்தாள்.

அந்த வாரம் போனுக்கு மேல் போன். விடுமுறை கூடுதலாகத் தருகிறோம், பெரிய அறை தருகிறோம் என்றார்கள். அக்கா சொல்லிக்கொடுத்தபடி தம்பி ஒரே வாக்கியத்தைச் சொன்னான்: "எதுவா இருந்தாலும் எழுத்துல அனுப்புங்க." மூன்றாவது முறை சொன்னபோது அவனுக்கே அந்தக் குரல் பிடித்துவிட்டது. மனைவி சிரித்தாள்: "அப்படியே உங்க அக்கா."

இரண்டு வாரம் கழித்து எழுத்தில் வந்தது. உங்கள் கடிதம் பதினெட்டாம் தேதிதான் கிடைத்தது, அவகாசம் முடிந்துவிட்டது, ஒப்பந்தம் தொடரும். இருபத்தைந்து வருடமும் ஒரே நொடியில் தம்பியின் தோளில் வந்து உட்கார்ந்தன. அக்கா அதைப் படித்தாள். முகத்தில் மாற்றமே இல்லை. ரசீதின் நகலையும் பதினான்காம் பக்கத்தின் நகலையும் சேர்த்து ஒரு வரி எழுதினாள்: "பன்னிரண்டாம் தேதி அனுப்பப்பட்டது, முத்திரையைக் காண்க." அதுவும் பதிவுத் தபாலில் போனது.

பதில் வந்த அன்று தம்பி வீட்டில்தான் இருந்தான். அவனைப் போலவே, அவனுக்குத் தெரிந்த ஒரு கூரியர்காரன், முகம் வியர்த்து, அவசரத்தோடு தாளை நீட்டி நகத்தை வைத்தான். "அண்ணே, இங்க ஒரு கையெழுத்து."

தம்பி அந்த விரலை மெதுவாக நகர்த்திவிட்டுப் படித்தான். அனுப்புநர், எண், தேதி.

"நீங்களே இப்படிப் படிச்சா நாங்க எப்பண்ணே அடுத்த வீட்டுக்குப் போறது?"

"நின்னுட்டுப் போ. தப்பில்ல."

ஒப்பந்தம் ரத்தானது, முன்பணம் திரும்ப வரும். தம்பி இரண்டு முறை படித்தான். மனைவி நீல ஃபைலைக் காலி செய்து, "இது மட்டும் நம்ம கிட்டயே இருக்கட்டும், ரேஷன் கார்டு வைக்கலாம்" என்றாள்.

அக்காவுக்குப் போன் போட்டான். வார்டின் சத்தத்துக்கு நடுவே அவள் எடுத்தாள்.

"வந்துடுச்சுக்கா. ரத்து ஆயிடுச்சு."

ஓவென்று ஒரு சந்தோஷத்தை அவன் எதிர்பார்க்கவில்லை. அவளை அவனுக்குத் தெரியும். யாரோ நோயாளியிடம், "இதோ வந்துட்டேம்மா" என்றாள். பிறகு அவனிடம் கேட்டாள்:

"என்ன தேதி போட்டிருக்கு?"

தம்பி அதைப் பார்த்துவிட்டுத்தான் போன் செய்திருந்தான். சொன்னான். கிழமையையும் சேர்த்துச் சொன்னான்.