நிறுத்தத் தெரியாத பெட்டி

மாமா வளைந்த குச்சியை உறுமித் தோலிலிருந்து எடுத்துத் தலைக்கு மேல் தூக்கிய அந்தக் கணம் இன்னும் கண்ணில் நிற்கிறது. பெட்டியை நிறுத்து என்பதற்கு நாங்கள் பேசி வைத்த அடையாளம் அது.

மாமா என் அக்காள் கணவர். எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் சாமி அழைக்கும் உறுமி அவருடையது. பெட்டி என்னுடையது. பக்கத்து ஊரான பிரிஞ்சாங்கின் ஓட்டல்களில் கித்தார் வாசிக்கும்போது காலடியில் வைத்துக்கொள்வேன். ஒரு மிதி மிதித்தால் வாசிப்பதைப் பதிந்து, சுற்றிச் சுற்றி ஒலிக்கும். இன்னொரு மிதியில் அதன்மேல் அடுத்ததை அடுக்கும். சட்டென்று இரண்டு மிதி மிதித்தால்தான் நிற்கும். உறுமிக்கு முன்னால் மைக் வைத்து அதில் பதிந்து காட்டியபோது, "பத்து பேர் அடிக்கிற மாதிரி இருக்குலா மாப்ள" என்று முதலில் மயங்கியவர் மாமாதான். ஆனாலும் சொன்னார்: "சாமி வர்றதுக்கு ஒரு அடி, மலையேறுறதுக்கு வேற அடி. நான் குச்சியத் தூக்குனா நிறுத்திரு. இல்லன்னா ஆடுறவங்களால நிக்க முடியாது." "நான் பாக்காத மேடையா மாமா" என்றேன்.

அன்று காலை சாமி வந்தது முட்டிவலிக்காரியான அக்காளுக்கு. குச்சி உயர்ந்தது. மிதித்தேன். பதற்றத்தில் இரண்டாம் மிதி பிந்திவிட்டது. பெட்டி குலவையையும் சேர்த்து அடுக்கிக்கொண்டது. சூடுபட்ட பூனைபோல் துள்ளித் துள்ளி மிதித்தேன். யாரோ ஓர் அத்தை, "தம்பிக்கும் வந்திருச்சு, புடிங்கடா" என்றாள். நாலு பேர் பிடித்தார்கள். நெற்றியில் திருநீறு, வாயில் எலுமிச்சம்பழம்.

பழத்தைத் துப்பிவிட்டு, வயரைப் பிடுங்குங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் தோட்டமே சிரிக்கும். ஊரைச் சிரிக்க வைத்தே காலம் தள்ளியவன், அன்று அந்தச் சிரிப்புக்குப் பயந்து ஆடினேன். கண்ணைக்கூட உருட்டினேன். அந்தப் பக்கம் அக்காள் முட்டி மடங்க மடங்க எழுந்து ஆடிக்கொண்டிருந்தாள்.

மாமாதான் வந்து வயரைப் பிடுங்கினார். தனி உறுமியை அவர் தணித்துத் தணித்து அடிக்க, அக்காள் தரையில் சரிந்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது. இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது தோட்டத்தில் என்னைக் கண்டால் வழிவிடுகிறார்கள். அதையெல்லாம் கேலி பேசிக் கடந்துவிடுவேன். அன்று மத்தியானத்தைத்தான் கடக்க முடியவில்லை. வீங்கிய முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்த அக்காள், என்னைக் கண்டதும் சுவரைப் பிடித்து எழுந்து கைகூப்பினாள்.

"என்னையவிட உனக்குத்தான் உக்கிரமாம்ல, தம்பி."

மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் அவள் நெற்றியில் திருநீறு பூசிவிட்டேன்.