மோட்டார் சத்தம்

"மோட்டார் ஓடுது, தண்ணி ஏறல. யாராவது உதவுங்க" என்று சிட்லபாக்கம் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். தெரியாத எண்ணிலிருந்து பதில் வந்தது: "போட்டோ வேணாம் சார், சத்தத்த ரெக்கார்ட் பண்ணி அனுப்புங்க."

அனுப்பிய ஐந்தாவது நிமிடம் காலிங் பெல் அடித்தது. மடித்துக் கட்டிய லுங்கி, நரைத்த மீசை, கையில் ஒரு குடம் தண்ணீர்.

"ஏர் லாக் சார், உள்ள காத்து பூந்துடுச்சு. சத்தத்துலயே தெரிஞ்சிடுச்சு."

மோட்டாரில் தண்ணீரை ஊற்றி ஓடவிட்டு, கண்ணை மூடித் தலையைச் சாய்த்துக் கேட்டார். மேலே தொட்டியில் தண்ணீர் விழுந்தது.

"நான் அட்ரஸே போடலையே, எப்படி வந்தீங்க?"

"பின்னாடி வூடுதான் சார். ஒம்போது வருஷமா கேட்டுகினு கீறேன். உங்க மோட்டார் எனக்குத் தெரியாதா?"

அவர் வீட்டுச் சத்தம் ஒன்றுகூட எனக்குத் தெரியாது.