கால் எங்கே பார்க்கிறது

எங்கள் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு மூங்கில் கம்பு சாய்ந்து நிற்கிறது. நுனியில் சிறிய தகர டப்பா ஒன்று ஆணியால் அடிக்கப்பட்டிருக்கும், குனியாமல் பந்தை அள்ளிக்கொள்ள. கோல்ஃப் பயிற்சித் திடலில் பந்து பொறுக்கிய, நான் அக்கா என்று கூப்பிட்ட பெண்ணுடையது அது. நான்கு வயது மகள் அதை எடுக்கும்போதெல்லாம் பிடுங்கி வைத்துவிடுவேன். தகரம் கையைக் கிழித்துவிடும் என்று அவளிடம் சொல்வேன். காரணம் அது மட்டும்தானா என்று எனக்கே சந்தேகம்.

எங்கள் தீவில் டாலிகஞ்சைத் தாண்டி இருக்கும் அந்தச் சின்னத் திடலில் நான் அலுவலக எழுத்தர். அக்காவின் பெற்றோர் இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து வந்து கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள். அந்தத் தோட்டத்துப் பழக்கத்தில் ஆட வருகிற எல்லோரும் அவருக்குத் தொரைதான். பந்து பொறுக்க ஆள் இறங்கினால் அடிப்பதை நிறுத்த வேண்டும். எங்கள் திடலில் யாரும் நிறுத்துவதில்லை. ஆகவே அக்கா தப்பிக்கத் தானே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். முகத்தையும் மட்டையையும் குறிக்கு நட்ட கொடியையும் பார்க்காமல், அடிப்பவரின் காலைப் பார்ப்பார். "தொரை கொடியத்தான் பாப்பாரு தங்கச்சி. காலு வேற எங்கயாவது பாக்கும். பந்து காலு பேச்சத்தான் கேக்கும்."

கடல் தாண்டி மெயின்லாண்டிலிருந்து ஒருமுறை வந்த பயிற்சியாளரும் அதையேதான் சொன்னார். கால், இடுப்பு, தோள் மூன்றும் பந்து போகும் வழிக்குப் பக்கவாட்டில், தண்டவாளத்தின் இன்னொரு கம்பிபோல் இருக்க வேண்டுமாம். பலர் கொடியைப் பார்த்துக்கொண்டே உடம்பை வலப்பக்கம் திருப்பி நின்றுவிடுகிறார்களாம். நிற்பவருக்கு மட்டும் அது தெரியாதாம். அக்கா என் காதருகில் சிரித்தார். "ரயில நான் எங்க பாத்தேன்? காலத்தான் நெறயப் பாத்திருக்கேன்."

இரண்டு வருடங்களுக்கு முன் ஒருநாள் குழந்தையைப் பார்த்துக்கொள்கிற பெண் வரவில்லை. அனுமதி கேட்காமல் மகளை அலுவலகத்துக்குத் தூக்கிப் போயிருந்தேன். அவளுக்கு அப்போது இரண்டு வயது. அறையில் தூங்குகிறாள் என்று நினைத்து, விருந்தினராக வந்திருந்த ஒருவரின் கையெழுத்துக்காகப் பதிவேட்டுடன் அவர் பின்னால் நின்றேன். மழை விட்டு மண் இளகியிருந்தது. அவர் பந்தின் முன் கால் ஊன்றினார். அந்த நேரத்தில் யாரும் பேசக் கூடாது என்பது விதி. அப்போதுதான் பார்த்தேன். திடலின் வலப்பக்கம், தண்ணீர்த் தொட்டியருகே, என் மகள் உட்கார்ந்து எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

கொடி இடப்பக்கம் வெகுதூரத்தில் இருந்தது. அவர் கொடியைத்தான் பார்த்தார். ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். கத்தினால் என்ன சொல்வார்கள் என்றும் நினைத்தேன். கத்தாவிட்டால் என்று நினைக்கத் தொடங்கும்போது மட்டை மேலே போய்விட்டது.

"ருக்கோ தொரை."

நில்லுங்கள் என்று இந்தியில் கத்திக்கொண்டே, வாளி நிறையப் பந்துகளை அக்கா அவர் காலடியில் கொட்டினார். மட்டை பாதியில் நின்றது.

நான் ஓடிப்போய் மகளைத் தூக்கிக்கொண்டு திரும்பியபோது விருந்தினர் இந்தியில் இரைந்துகொண்டிருந்தார். திடலின் செயலர் வந்தார். "கொடி அங்க இருக்கு, குழந்தை இங்க இருந்திச்சு. இதுக்கு ஒரு வாளிப் பந்தையும் கொட்டணுமா?"

அக்கா குனிந்தார். ஈர மண்ணில் பதிந்திருந்த இரண்டு பூட்ஸ் தடங்களின் நுனியை ஒட்டிக் கம்பைப் படுக்க வைத்தார். அது கொடியைக் காட்டவில்லை. தொட்டியைக் காட்டியது.

"பாத்துக்குங்க சார்."

செயலர் பார்த்தார். பிறகு என்னை அறைக்கு அழைத்து, நடந்ததை எழுதித் தரச் சொன்னார். "குழந்தை அங்க எப்படி வந்திச்சுன்னும் எழுத வேண்டியிருக்கும். யோசிச்சு எழுதும்மா."

யோசித்துத்தான் எழுதினேன். கணவருக்குக் கப்பல் வேலை நின்றுபோயிருந்த மாதம் அது. உறுப்பினரின் விருந்தினர் அடிக்க முனைந்தபோது ஊழியர் சத்தமிட்டு இடையூறு செய்தார் என்று எழுதினேன். அதில் பொய் எதுவும் இல்லை. கம்பும் இல்லை, குழந்தையும் இல்லை.

மாலையில் வாசலில் அக்கா கேட்டார். "கம்பு எங்க பாத்திச்சுன்னு எழுதினியா தங்கச்சி?"

"எழுதிட்டேன்க்கா."

"அப்ப போதும்."

அந்த வாரமே அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். வடக்கே மாயாபந்தரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் புறப்பட்ட அன்று, கம்பை என்னிடம் கொடுத்துப் போனார். "பாப்பா வெளையாடட்டும்." என் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னார். நான் அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் அதை எழுதவில்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்ததா, தெரியவில்லையா என்று இன்றுவரை மாறி மாறி நினைக்கிறேன்.

நேற்று நான் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது மகள் அந்தக் கம்பைத் தரையில் போட்டு, கால் விரல்களை அதில் ஒட்டி நின்றாள். யாரும் சொல்லித்தரவில்லை. "அம்மா, நான் எங்க பாக்கறேன், சொல்லு."

இந்த முறை நான் பிடுங்கவில்லை. கையைத் துடைத்துவிட்டு, அலுவலகத்துக்கு எடுத்துப்போக ஒரு தாளை எடுத்தேன். அன்றைய அறிக்கையில் விட்டுப்போனது என்று தலைப்பிட்டு எழுதினேன்: கம்பு தண்ணீர்த் தொட்டியைக் காட்டியது. அங்கே என் மகள் உட்கார்ந்திருந்தாள். அவளை அங்கே கொண்டுவந்தவள் நான்.

கீழே கையெழுத்துப் போட்டேன்.