வெள்ளிக்கிழமை கடைசி பீரியட்

குலுக்கினால் சத்தமில்லை

பஸ் நகரத் தொடங்கிய பிறகுதான் கண்டக்டர் பையிலிருந்து பிளாப்பி டிஸ்க்கை எடுத்து நீட்டினார். ஓடிப்போய் வாங்கினேன். நெய்யாற்றின்கரையிலிருந்து சுரேஷ் அனுப்பியது. மென்பொருளை இலவசமாகக் கொடுத்தால் திட்டும் இலவசமாகவே கிடைக்கும் என்பது இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்ட உங்களுக்குத் தெரியும். பள்ளிகளுக்குக் கால அட்டவணை போடும் புரோகிராம் ஒன்றை நாங்கள் இருவரும் எழுதி, யாரும் திருத்திக்கொள்ளலாம் என்று மூலநிரலோடு கொடுத்திருந்தோம். பாறசாலைப் பள்ளியில் ஏழு பி வகுப்புக்கு வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் ஆசிரியரே இல்லை. அந்த இடத்தில் ஆசிரியர் பட்டியலின் கடைசிப் பெயரை நிரல் விட்டுவிடுகிறது என்று சுரேஷ் கண்டுபிடித்துச் சரிசெய்திருந்தான்.

படியில் நின்றபடி கண்டக்டர் கேட்டார்: “இதுக்குள்ள என்ன சாமானாக்கும்? குலுக்கினா சத்தம்கூட இல்லியே.”

கடைசிப் பெயர்

ஓணம் விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளில் புதிய பதிப்பு என்று அறிவித்திருந்தோம். சோதனைக்கு அடித்த தாளைப் பார்த்துவிட்டு ஜெஸி டீச்சர் என் கம்ப்யூட்டர் சென்டருக்கு வந்தார். அந்தக் கடைசிப் பெயர் அவருடையது. வாரம் முழுக்கப் பாறசாலையில் வாடகை அறை. இரண்டு வயது மகள் வெள்ளறடைக்கு மேலே அம்மாவிடம். வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் முடியும் முன்பே கிளம்பும் மூன்று மணி பஸ்ஸைப் பிடித்தால்தான் மலையேறும் கடைசி ஜீப் கிடைக்கும்.

“பிழை இருந்தப்ப வெள்ளிக்கிழமையே பிள்ளையப் பாத்தேன். உங்கள ஆரு சார் திருத்தச் சொன்னது?”

அடுத்த பதிப்பு

வேறு யாரை அங்கே மாற்றிப் போட்டாலும் இரண்டு வகுப்புகள் காலியாயின. சுரேஷுக்குப் போன் செய்தேன்.

“எலே, ஒரு பஸ்ஸுக்காகப் பிழையத் திரும்பக் கொண்டுவரவா? அடுத்த பதிப்பு ஜூன்லயாக்கும். அதுவர ஜீப்காரனுக்கிட்ட நேரத்த மாத்தச் சொல்லு.”

பள்ளி திறந்த அன்று

புதிய அட்டவணையை அச்சடித்து ஹெட்மாஸ்டரிடம் கொடுத்தேன். ஏழு பி-யின் சத்தத்தைப் பற்றி மாதக்கணக்கில் புகார் சொன்னவர் அவர்தான். ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துப் பார்த்தார். ஜெஸி டீச்சரின் பஸ்ஸையும் ஜீப்பையும் பற்றிச் சொன்னேன்.

“பிழை திருத்தியாச்சில்லா மக்கா? இனி அதுல கை வைக்காத. போய் சாயா குடி.”

எல்லாப் பெயரையும் சரிபார்க்கக் கற்றுக்கொண்ட எங்கள் புரோகிராமில் ஹெட்மாஸ்டரின் பெயரைச் சேர்க்க எங்கள் இருவருக்கும் தோன்றியிருக்கவில்லை. அவர் பேனாவைத் திறந்து, வெள்ளிக்கிழமை கடைசிக் கட்டத்தில் ஜெஸி டீச்சரின் பெயரை அடித்துத் தன் பெயரை எழுதி, தாளைப் பலகையில் குத்தினார்.