தார் பூசிய கூரையும் தொண்டைமானாற்று வெயிலும்

யாழ்ப்பாணத்தின் வடகரையிலிருக்கும் தொண்டைமானாற்றுக்குப் போக எந்த மாதம் நல்லதென்று சிலர் கேட்டிருந்தீர்கள். சித்திரையைத் தவிர்க்கச் சொல்வேன். ஏனென்று விளங்க, 1992 சித்திரையில் நான் அங்கே போனதைச் சொல்ல வேண்டும்.

அப்போது அரியாலையில் இருந்தேன். பள்ளிக்கூடமொன்றில் புவியியல் படிப்பித்தேன். என் தங்கை வசந்தியும் அவள் கணவன் யோகனும் இரண்டு வருடம் முன்னர் காங்கேசன்துறைப் பக்கமிருந்து போரால் இடம்பெயர்ந்து, தொண்டைமானாற்றில் மீன்வலை வைக்கும் ஒரு கொட்டிலில் குடியிருந்தார்கள். அவளுக்குப் பெண்குழந்தை பிறந்து ஒரு மாதம். "பிள்ளை சரியாப் பால் குடிக்குதில்லை, அக்காவை ஒருக்கால் வரச்சொல்லுங்கோ" என்று சந்தைக்கு வந்த ஒருவரிடம் சொல்லி அனுப்பியிருந்தாள்.

பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடையாத காலம். விடிய ஆறு மணிக்குச் சைக்கிளில் வெளிக்கிட்டேன். இருபாலை, கோப்பாய், நீர்வேலி, புத்தூர், அச்சுவேலி என்று ஏறக்குறைய இருபத்தைந்து கிலோமீற்றர். புத்தூர்வரை சுகமாக மிதிக்கலாம். தோட்டங்களுக்குத் தண்ணீர் இறைத்திருந்தார்கள். நனைந்த செம்மண்ணிலிருந்து வந்த காற்று குளிர்ந்திருந்தது. அதைத் தாண்டியதும் தார் றோட்டின் வெக்கை முகத்தில் அடித்தது. வெயில் ஒன்றுதான், அதை வாங்கும் நிலம்தான் வேறு. வெண்பனி வெயிலைத் திருப்பி அனுப்பும், கருநிறக் கடல்நீர் விழுங்கிக்கொள்ளும், விழுங்கிய சூட்டைக் காற்றும் நீரோட்டமும் வேறிடங்களுக்குக் கொண்டுபோகும் என்று பனியையே காணாத பிள்ளைகளுக்குப் படிப்பித்து வந்தவள் நான். அன்று அது பாடமாகவே தோன்றவில்லை. எப்போது போய்ச் சேர்வோம் என்றிருந்தது.

ஒன்பது மணிக்கே கொட்டிலுக்குள் நிற்க முடியவில்லை. கூரை தகரம். உப்புக்காற்றில் துருப்பிடிக்காமலிருக்க அதற்குத் தார் பூசியிருந்தார்கள். குழந்தையின் கழுத்தெல்லாம் வேர்க்குரு. அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது.

"டொக்டரிட்டைக் காட்டினனீங்களே?"

"ஓம் அக்கா. வருத்தம் ஒண்டுமில்லையாம், வெக்கைதானாம். குளிர்ச்சியான இடத்திலை வைச்சிருக்கட்டாம்" என்றாள் வசந்தி. "கோயில் மடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனன். அங்கை எங்களைப் போலச் சனம், காலை நீட்ட இடமில்லை. நான் எங்கை போறது?"

கூரைக்கு வெள்ளையடிக்கலாம் என்றேன். கறுப்பு வாங்குகிற வெயிலில் பெரும்பங்கை வெள்ளை திருப்பிவிடும். யோகன் உடனே போய் வாளி நிறையச் சுண்ணாம்பு கரைத்துக்கொண்டு வந்தான். ஏணியை வைக்கும்போது கொட்டிலின் சொந்தக்காரர் செல்வம் அண்ணை ஓடிவந்தார். மீன்பிடித் தடையால் கடலுக்குப் போக முடியாமல் வீட்டிலிருந்த மீனவர் அவர்.

"வெள்ளை வேண்டாம் தங்கச்சி" என்றார். "மேலையிருந்து பாக்கிறவனுக்கு இது ஒண்டுதான் பளிச்செண்டு தெரியும். பிறகு ஆமி ஹெலி வந்து சுட்டால் என்ன செய்வியள்?"

எனக்கு அது தோன்றவேயில்லை. வெயிலைத் திருப்பி அனுப்பும் அதே வெள்ளை, விமானியின் கண்ணுக்கும் போய்ச் சேரும். யோகன் வாளியைக் கீழே வைத்துவிட்டான்.

வெயிலைத் திருப்ப முடியாதென்றால், தகரத்தில் படாமலாவது தடுக்கலாம். தகரத்துக்கு மேலே தடிகளைக் கட்டி, ஒரு முழ இடைவெளி விட்டுப் பின்னிய தென்னோலைக் கிடுகு பரப்பினால் இடையில் காற்றோடிச் சூட்டைக் கொண்டுபோகும். பழைய கிடுகு மேலிருந்து பார்க்கவும் மண்ணிறமாகத்தான் தெரியும். செல்வம் அண்ணை தலையாட்டினார். "சரிதான். ஆனால் இப்ப கிடுகுக்கு எங்கை போறது?"

வசந்திதான் சொன்னாள். "வேலியைப் பிரிப்பம்."

கொட்டிலைச் சுற்றி இருந்த ஒரே மறைப்பு அந்தக் கிடுகு வேலி. அதற்குள்தான் அவள் குளித்தாள், பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். யோகன் தயங்கினான். "றோட்டாலை போறவையெல்லாம் பாப்பினமப்பா."

"பாக்கட்டும். என்ரை பிள்ளை மூச்சு விட்டால் காணும்."

பின்னேரத்துக்குள் வேலி கூரைக்கு ஏறிவிட்டது. செல்வம் அண்ணையும் யோகனும் மேலே கட்ட, நான் கீழே நின்று கிடுகு எடுத்துக் கொடுத்தேன். வசந்தி குழந்தையோடு பூவரச மர நிழலில் இருந்தாள். இருள முதல் செல்வம் அண்ணையின் மனைவி ஒரு பழைய படகுப் பாயையும் தன் சேலைகள் சிலவற்றையும் கொண்டுவந்து, வேலி நின்ற இடத்தில் கட்டினார். "பாய் இப்ப சும்மாதானே கிடக்குது" என்றார்.

மறுநாள் நடுப்பகலிலும் வெக்கை இருந்தது. ஆனால் தகரம் அனல் கக்கவில்லை, உள்ளே இருக்க முடிந்தது. மத்தியானம் குழந்தை நெடுநேரம் பால் குடித்தது. வசந்தி என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வைகாசியில் தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று எழுந்ததும் பிள்ளை தேறிவிட்டாள் என்று செய்தி வந்தது.

துருவப் பனி உருகி, அடியிலிருந்த கருநிறக் கடல்நீர் வெயிலை வாங்கத் தொடங்கிவிட்டது என்று இப்போது வாசிக்கிறேன். வெப்பம் கூடும்போது வெள்ளையடியுங்கள், மரம் நடுங்கள் என்கிறார்கள். நல்ல யோசனைதான். அதைச் செய்யவிடாமல் எது தடுக்கிறதென்று அந்தக் கூரைக்குக் கீழே இருப்பவரையும் கேட்க வேண்டும்.

போகிறவர்களுக்கு: தை, மாசி நல்ல மாதங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து காலை பஸ்ஸில் போங்கள். சைக்கிள் என்றால் புத்தூரில் இறங்கித் தண்ணீர் குடியுங்கள். செல்வச்சந்நிதி முருகனைக் கும்பிட்டபின் ஆற்றுவாய்க்கு நடக்கலாம், மணல் சுடும், செருப்பைக் கழற்றாதீர்கள். கரையோரத் தகரக் கொட்டில்களைப் படமெடுக்க விரும்பினால் கூப்பிட்டுக் கேட்டுவிட்டு எடுங்கள். உள்ளே யாராவது பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.